வேட்டி அட்டையில் வரைந்த போர் விதிகள்

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தள்ளிப் போட்டு வந்தேன். பேனாவை எடுத்தால் அடுப்பில் பால் பொங்கும். பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தால் எழுத வந்த மனசு போயிருக்கும். பால் ஒரு சாக்குதான். உள்ளே இருந்தது பயம். ஆண்டாள் நாச்சியாரின் பெருமையை நான் குறைத்துச் சொல்வதாக யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு, மனசில் உள்ளதைப் பிசகாமல் எழுத வருமா என்று ஒரு கூச்சமும் உண்டு.

மார்கழி இருட்டில் எழுந்து குளித்து, பல் கிட்டிக்க என்னோடு கோயிலுக்கு வரும் என் வயதுக்காரிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். எங்கள் அத்தை மகனைப் பற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கதை உலவுவது உங்களுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து காது கேளாத, வாய் பேசாத பிள்ளை, ஆடிப்பூரத் தேர் அன்று வடத்தைத் தொட்டதும் 'அம்மா' என்று கூப்பிட்டான் என்பார்கள். உங்களில் சிலர் என்னிடமே அதைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது உண்டு. அந்தத் தேர் அன்று நான் அவன் பக்கத்தில் நின்றேன். அவன் கூப்பிடவில்லை. ஆனால் நாச்சியார் அன்றைக்கு எங்களைக் கைவிடவும் இல்லை. என்ன நடந்தது என்று சொல்ல, ஒரு மரப்பெட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது நாங்கள் ராஜபாளையத்தில், மில்லுக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு மில்லில் வேலை. சட்டையை உதறினால் பஞ்சு பறக்கும். எதிர்வீடு ஒரு வேதக்காரக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். அந்த வீட்டு மனிதர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். தெருவே அவரைக் கப்பல்காரர் என்று சொல்லும். அவர் லீவில் வரும்போதெல்லாம் தெருவுக்குள் ஒரு சோப்பு வாசனை வரும். அது வந்தால் பிஸ்கட் டின்னும் வரும் என்று நாங்கள் காத்திருப்போம். நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடையில் அவர் பிஸ்கட்டோடு ஒரு மரப்பெட்டியையும் கொண்டுவந்தார். கப்பலில் வேலையை விட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சுமக்க மாட்டாமல் கொடுத்துவிட்டுப் போனதாம்.

பெட்டிக்குள் பஞ்சு மெத்தை. அதில் வரிசை வரிசையாக ஈயத்தில் செய்த வீரர்கள், பாதி விரல் உயரம். இரும்புச் சட்டை போட்ட குதிரைக்காரர்கள், குதிரைக்குக் கூடச் சிங்கம் போட்ட போர்வை. நாணை இழுத்தபடி நிற்கும் வில்காரர்கள். ஈட்டிக்காரர்கள். கொடி பிடித்த ராஜா இரண்டு பேர், ஒருவர் சிவப்பு, ஒருவர் நீலம். அந்தக் காலத்து வெள்ளைக்கார ராஜாக்கள் இப்படித்தான் சண்டை போட்டார்களாம். பெயிண்டும் ஈயமும் கலந்த அந்த வாசனை கையில் ஒட்டிக்கொள்ளும். ராத்திரி சோறு பிசையும்போது கூட மூக்கில் ஏறும். இப்போது எழுதும்போதும் ஏறுகிறது.

பெட்டியோடு ஒரு புத்தகம், இங்கிலீஷில், எறும்பு எழுத்து. யார் எவ்வளவு தூரம் போகலாம், அம்பு எது வரைக்கும் பாயும், பகடையில் எத்தனை விழுந்தால் ஆள் சாவான், எல்லாம் அதில் இருந்தது. கப்பல்காரர் மகள் என் வயசு, கான்வென்டில் படித்தாள். நான் தமிழ்ப் பள்ளிக்கூடம். அதனால் விதி எல்லாம் அவள் கையில். விளையாட்டு பாதியில் நிற்கும், அவள் பக்கத்தைப் புரட்டுவாள், அதற்குள் காபி ஆறிப்போகும். அவள் தோற்கிற மாதிரி இருந்தால் மட்டும் புத்தகத்தில் புதுசாக ஏதாவது அகப்படும்.

"எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டு" என்றேன் ஒரு நாள்.

"காட்டுனா நீ வாசிச்சிருவியாக்கும்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். படுத்தவளுக்கு பஸ் ஸ்டாண்டுச் சுவர் ஞாபகம் வந்தது. மதுரைக்கு எத்தனை மணிக்கு, தென்காசிக்கு எத்தனை மணிக்கு என்று மொத்தமும் ஒரே சுவரில் எழுதியிருப்பார்கள். அங்கே யாரும் புத்தகம் புரட்டுவது இல்லை. அண்ணாந்து பார்ப்பார்கள், ஓடுவார்கள். மறுநாள் காலையில் அவளிடம், ஒரே தாளில் தமிழில் எழுதிப் போட்டால்தான் இனிமேல் விளையாட வருவேன் என்று சொல்லிவிட்டேன். வேறு ஆள் கிடைக்காததால் ஒத்துக்கொண்டாள்.

அவள் வாசித்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதலில் கட்டுரை நோட்டு மாதிரி பக்கம் பக்கமாகப் போயிற்று. அதையும் புரட்ட வேண்டியிருந்தது. பிறகுதான் விளங்கியது, சண்டை நடுவில் இருக்கிறவனுக்கு வேண்டியது கொஞ்சம்தான். யார் எவ்வளவு நகரலாம், யார் எது வரைக்கும் எய்யலாம், பகடையில் என்ன விழ வேண்டும், எப்போது ஓட்டம் பிடிக்க வேண்டும். தாளை நாலாக மடித்து ஒரு மூலைக்கு ஒன்றாக எழுதினோம். பாதி ஆள் செத்துப்போனால் மிச்சப் படைக்குத் தைரியம் இருக்கிறதா என்று பகடை போட்டுப் பார்க்கும் விதி ஒன்று உண்டு. அதற்கு இங்கிலீஷில் என்னவோ பெரிய வார்த்தை. 'மனசு விட்டால் ஓட்டம்' என்று எழுதினேன். அவளே கைதட்டினாள்.

தூரத்தில்தான் பெரிய சண்டை. புத்தகத்தில் அங்குலம் போட்டிருந்தது. நாங்கள் பூக்காரம்மா முழம் போடுவதுபோல சாணால் அளந்தோம். அவள் கை நீளம். அவள் குதிரைகள் எல்லாம் என் குதிரைகளைவிடப் பறந்தன. கடைசியில் அப்பா கொண்டுவந்திருந்த கழிவு நூலில் ஒன்றை முறுக்கி, கால் சாணுக்கு ஒரு முடிச்சாகப் போட்டோம். ஈட்டிக்காரனுக்கு இரண்டு முடிச்சு, குதிரைக்கு நாலு, அம்புக்கு ஆறு. அதற்கப்புறம் அளவில் சண்டை இல்லை.

தாள் ஒரு வாரத்தில் கிழிந்துபோனது. தடிமனான அட்டை வேண்டும். சுவரில் போன வருஷக் காலண்டர் இருந்தது. அம்மா விடவில்லை. முன்பக்கம் பெருமாள் நிற்கும்போது பின்பக்கம் வெட்டுக் குத்து எழுதுவியா என்று கையைத் தட்டிவிட்டாள். பகடை உருட்டுவதைப் பார்த்து ஏற்கெனவே அவளுக்குச் சந்தேகம், நாங்கள் காசு வைத்து ஆடுகிறோமோ என்று. புது வேட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே ஒரு அட்டை, ஒருபக்கம் வழுவழுவென்று வெள்ளையாக, அது அப்பாவின் பெட்டியில் இருந்தது. அதைக் கொடுத்தாள். எங்கள் விதி அட்டை அதில்தான் நிலைத்தது.

அந்த நேரத்தில்தான் அத்தை மகன் லீவுக்கு வந்தான்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடும் குடும்பத்தில் வாக்கப்பட்டிருந்தாள். ஒரே பிள்ளை. எனக்கு மூன்று வயசு இளையவன். பள்ளிக்கூடத்துக்குப் போனதே இல்லை. வசதி இல்லாமல் இல்லை. அத்தையின் பக்திதான் காரணம். குழந்தைக்கு எழுத்து ஆரம்பிக்கும்போது அரிசியில் விரலைப் பிடித்து எழுதவைத்து, அந்த எழுத்தை அதன் வாயால் சொல்ல வைப்போம் இல்லையா. வாயால் சொல்லாத எழுத்தைக் கையால் மட்டும் எழுத வைத்தால் கல்வி ஒட்டாது, தெய்வக் குற்றம் என்று அத்தைக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் நாச்சியாரிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு முதலில் பேச்சு வரட்டும், வந்த அன்றைக்கே உன் சந்நிதியில் அரிசி பரப்புகிறேன், அதுவரைக்கும் சிலேட்டைத் தொட விடமாட்டேன் என்று. தினமும் துளசித் தீர்த்தம் கொடுப்பாள், நாக்கில் தேன் தடவுவாள். ஒவ்வொரு ஆடித் தேருக்கும் அவன் கையை வடத்தில் வைப்பாள். இப்படியே அவனுக்கு வயசு ஒன்பது ஆகிவிட்டது.

நாங்கள் யாரும் அவனைப் புத்தி உள்ளவனாக எண்ணவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் அவனிடம் வாயைப் பெரிதாகத் திறந்து கத்துவார்கள். அம்மா சோறு வேண்டுமா என்று கேட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அவன் சிரிப்பான். சிரித்தால் மூச்சு 'ஹ்ஹா' என்று வரும், அவ்வளவுதான். நாங்கள் தரையில் படையை நிறுத்தி விளையாடும்போது சுவரோரம் குந்தியிருந்து பார்ப்பான். வெயில் காலில் விழுந்தால் கொஞ்சம் நகர்ந்துகொள்வான்.

ஒரு மத்தியானம் கப்பல்காரர் மகள் குதிரையைத் தள்ளி வைத்தாள். சுவரோரத்திலிருந்து ஒரு கை நீண்டு குதிரையைப் பிடித்தது. அவன்தான். நூலை எடுத்தான், முடிச்சை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு நாலு வந்ததும் நிறுத்தி, குதிரையை ஒரு முடிச்சு பின்னால் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தான். அவள் ஐந்து முடிச்சு நகர்த்தியதை நானே கவனிக்கவில்லை.

அவனுக்கு எழுத்துத் தெரியாதே, அட்டையை எப்படிப் பார்ப்பான்? அட்டையின் மறுபக்கம் சாம்பல் நிறமாக, சொரசொரவென்று இருக்கும். அதில் படமாகவே போட்டோம். குதிரை, பக்கத்தில் நாலு முடிச்சுப் போட்ட நூல். வில்காரன், ஆறு முடிச்சு. எண்ணை எப்படி எழுதுவது என்று முழித்தோம். பகடையில் இருக்கிற புள்ளியே எண்தானே? பகடையை வரைந்து புள்ளி வைத்தோம். இரும்புச் சட்டைக்காரன் மேல் அம்பு பட வேண்டுமென்றால் ஆறு புள்ளி. வெறும் சட்டைக்காரன் என்றால் ஐந்தோ ஆறோ. மனசு விட்டால் ஓட்டம் என்பதற்குக் கால் பிடரியில் அடிக்க ஓடும் ஒருத்தனைப் போட்டேன். அதைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. சகதியில் இறங்கினால் பாதி தூரம்தான் என்ற விதிக்குப் படம் இல்லையே என்று தண்ணீர்ச் செம்பையும் மண்ணையும் காட்டி எங்களைக் கேட்டவனும் அவன்தான்.

அந்த அட்டையைக் கையில் கொடுத்த பிறகு அவன் எங்கள் இரண்டு பேரையும் வரிசையாகத் தோற்கடித்தான். அவசரப்பட மாட்டான். குதிரையைக் கடைசி வரைக்கும் வெளியே விட மாட்டான். கப்பல்காரர் மகள் நொந்துபோய், நான் இத்தனை இங்கிலீஷ் படித்து என்ன புண்ணியம் என்றாள். ஒரே ஒரு தடவை அவளுடைய சிவப்பு ராஜா செத்துப்போனபோது, புத்தகத்தின் கடைசியில் ஒரு விதி இருக்கிறது, நாலுக்குக் குறையக் கூடாது என்று நாலு விரலைக் காட்டிப் பகடையை உருட்டினாள். சரியாக விழாமல் அவள் படை மொத்தமும் ஓடியது. அவளுக்கு எதிரான விதி என்பதால் நானும் நம்பினேன். அதை அட்டையில் சேர்க்க நாங்கள் மறந்துபோனோம். இது ஞாபகம் இருக்கட்டும்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அவன் ஊருக்குப் போனான். அட்டையைக் கேட்டான். ஒன்றுதானே இருக்கிறது என்று நாங்கள் கொடுக்கவில்லை.

ஆடிப்பூரத்துக்கு நாங்கள் அத்தை வீட்டுக்குப் போனோம். கப்பல்காரர் மகளும் பால்கோவா ஆசையில் கூட வந்தாள், மடியில் பெட்டியோடு. தேர் அன்றைக்குக் காலையில் ரதவீதியில் எங்கு பார்த்தாலும் தலை. அத்தை தன் மகனை முன்னால் தள்ளிக்கொண்டு போய் அவன் இரண்டு கையையும் வடத்தில் வைத்தாள். நானும் பக்கத்தில் பிடித்தேன். கூட்டம் ஒரே குரலாக எழும்பி, வடம் விறைத்து, தேர் அசைந்தது. அந்த அசைவு வடத்தின் வழியாக உள்ளங்கைக்கு வரும். அது வந்ததும் அவன் உடம்பே சிலிர்த்தது. மேளம் அடிக்கிற பக்கம் நெஞ்சைத் திருப்பிக்கொண்டு நின்றான். அவன் சத்தத்தை அப்படித்தான் வாங்கிக்கொள்வான்.

எல்லாரும் தேரைப் பார்த்தோம். அத்தை மட்டும் தேரைப் பார்க்கவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்தது. சந்தோஷத்தில் அந்த 'ஹ்ஹா' மூச்சு வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அத்தை முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் முகத்தையும் துடைத்துவிட்டாள். நான் கண்ணால் கண்டது இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மாமா, அத்தையின் வீட்டுக்காரர், பேச்சை எடுத்தார். மாமாவுக்குப் பெரிய குரல். கடையில் நின்று பேசினால் சந்நிதித் தெரு வரைக்கும் கேட்கும். ஆளைக் கிண்டல் பண்ணாமல் அவரால் ஒரு வாய் சோறு இறக்க முடியாது. அன்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"போதும் தாயி. நாச்சியாரும் எத்தனை வருசந்தான் உன் வேண்டுதலக் கேட்டுக்கிட்டு இருப்பாக. நாளையிலருந்து பய அடுப்புல நிக்கட்டும். பாலைக் கிண்டப் பேச்சு எதுக்கு? துடுப்பப் புடிக்கத் தெரிஞ்சா போதும்."

அத்தை இலையில் இருந்து நிமிரவில்லை. அப்பா வாயைத் திறந்து மூடிக்கொண்டார். மச்சான் வீட்டில் உட்கார்ந்து கொண்டு மச்சானுக்கு எதிராக என்ன பேச முடியும்? பால்கோவா அடுப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த அனலில் ஒன்பது வயசுப் பிள்ளை துடுப்பைப் பிடித்து நின்றால் பிறகு வேறு எந்தப் பக்கமும் திரும்ப மாட்டான். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். மாமா கெட்டவர் இல்லை. அவரும் அந்த வயசில் அங்கேதான் நின்றவர்.

சாப்பாடு முடிந்து பெரியவர்கள் சாய்ந்த பிறகு, நாங்கள் கடைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் பெட்டியைத் திறந்தோம். வெற்றிலை போட்டுக்கொண்டே மாமா வந்து நின்றார். என்னவே இது பொம்மைக் கல்யாணமா என்றார். சண்டை என்று சொன்னதும், நானும் வாரேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்தார். சிவப்புப் படை அவருக்கு, நீலம் அத்தை மகனுக்கு. அட்டையின் படப்பக்கத்தை நடுவில் வைத்து விதியைச் சொன்னேன். நூல் எதுக்கு, நான் கண்ணாலயே அளப்பேன் என்று மாமா குதிரையை எடுத்துப் பாதித் தரை தாண்டி வைத்தார்.

மகன் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தான். அட்டையில் குதிரையைக் காட்டினான். நூலை நீட்டினான்.

"ஏலே, அப்பனையே புடிக்கானே" என்று மாமா எங்களைப் பார்த்துச் சிரித்தார். குதிரையைப் பின்னுக்கு வைத்தார். அடுத்த முறை அம்புக்குப் பகடையில் ஐந்து விழுந்ததும் இரும்புச் சட்டைக்காரனைச் சாய்க்கப் பார்த்தார். மணிக்கட்டு மறுபடி பிடிபட்டது. விரல் ஆறு புள்ளியைத் தொட்டது. மூன்றாவது தடவை மாமா வேண்டுமென்றே தப்பாக நகர்த்தினார் என்று நினைக்கிறேன். அப்போது அவர் சிரிக்கவில்லை, மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டு நீண்டது. வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பக்கூட அவர் எழவில்லை. கடைசியில் மகனுடைய குதிரைகள் மொத்தமாக வெளியே வந்தன. மாமாவின் சிவப்பு ராஜா விழுந்தார். அத்தை மகன் பகடையை எடுத்துத் தன் அப்பா கையில் வைத்தான். உருட்டு என்று சைகை காட்டினான்.

"எதுக்கு உருட்ட? ராசா போனா என்ன, அம்புட்டு ஆளும் நிக்கானே. அட்டையில இருக்கா? காட்டச் சொல்லு பாப்போம்."

அட்டையில் இல்லை. நாங்கள் போட மறந்தது அதுதான். அத்தை மகன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்து அடுப்பறைக்குள் ஓடினான். காட்ட ஒன்றும் இல்லாமல் வெட்கப்பட்டு அவன் ஓடியதாக மாமா நினைத்திருப்பார். திரும்பி வரும்போது அவன் கையில் பால்கோவா வைக்கும் அட்டைப்பெட்டியின் மூடி ஒன்று இருந்தது. அதைத் தன் அப்பா முன்னால் வைத்தான்.

எங்கள் அட்டை அப்படியே அதில் இருந்தது. அடுப்புக்கரியால் போட்டிருந்தான். நாங்கள் கொடுக்காத அட்டையை ஞாபகத்திலிருந்து வரைந்திருந்தான். குதிரை, முடிச்சு, புள்ளி எல்லாம் அதனதன் மூலையில். எங்கள் அட்டையில் இல்லாத ஒன்று நடுவில் இருந்தது. கொடி தரையில் கிடந்தது, ராஜா மல்லாந்து கிடந்தார், சுற்றி நின்ற ஆட்கள் எல்லாரும் முகத்தைப் பின்னால் திருப்பியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பகடை, நாலு புள்ளி.

கப்பல்காரர் மகள் புத்தகத்தைப் பரபரவென்று புரட்டினாள். கடைசிப் பக்கங்களில் இருந்தது. ராஜா விழுந்தால் படை பகடை போட வேண்டும், நாலுக்குக் குறைந்தால் ஓட வேண்டும். கோடையில் ஒரே ஒரு தடவை நடந்ததைப் பார்த்து அவன் மனசில் வைத்திருக்கிறான். "சரியாத்தான் போட்டிருக்கான் மாமா" என்றாள்.

மாமா பகடையை உருட்டவில்லை. மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஏட்டி, இங்க வா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அவர் கூப்பிட்ட விதத்தில் அத்தை பயந்துபோய் ஈரக் கையோடு வந்தாள். என் அப்பாவும் அம்மாவும் எழுந்து வந்தார்கள்.

அத்தை மூடியை வாங்கிச் செத்த நேரம் பார்த்தாள். யார் போட்டது என்று கேட்டாள். மாமா மகனைக் காட்டினார். அவள் சந்தோஷப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"எழுதிட்டானே" என்றாள். "நாள் பாக்காம, அரிசி பரப்பாம, அடுப்புக்கரியில எழுதிட்டானே. என்ன குத்தம் வந்து சேரப் போகுதோ."

கப்பல்காரர் மகள் சமாதானம் சொல்லப் பார்த்தாள். இது எழுத்து இல்லை அத்தை, வெறும் படம்தான் என்றாள்.

அத்தை அவளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "படமோ எழுத்தோ, இவன் போட்டதப் பாத்து நீ புத்தகத்துல தேடுனியா இல்லையா? இவன் மனசுல இருந்தது உனக்கு விளங்குச்சா இல்லையா? அப்ப இது எழுத்துதாம்மா."

நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒன்பது வருஷமாகப் பார்க்காததை, தப்பு நடந்துபோச்சே என்ற பயத்தில் அத்தைதான் முதலில் பார்த்தாள். எழுத்து ஆரம்பித்தாகிவிட்டது. இனி அதை முறைப்படி நடத்தாமல் விட்டால்தான் குற்றம். அவள் புத்தி அந்த வழியாகத்தான் போனது. பக்தியால் பூட்டிய கதவு பக்தியாலேயே திறந்தது. இதை விடப் பெரிய அருள் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்பாவுக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. "வார விசயதசமிக்கு முறையா உக்கார வச்சிருவோம் தங்கச்சி" என்றார்.

"வாய் திறந்து சொல்லணுமேண்ணே. யாரு சொல்லுவா?"

மாமா தரையில் இருந்தபடியே சொன்னார். "நாஞ் சொல்லுதேன். ஊரே காதப் பொத்துற வாய் எனக்கு எதுக்குக் குடுத்திருக்கு? அவனுக்கும் சேத்துத்தான் குடுத்திருக்கும்னு வச்சுக்கோ."

சொல்லிவிட்டுப் பகடையை உருட்டினார். இரண்டு விழுந்தது. அவரே தன் ஆட்களை ஒவ்வொருவராக எடுத்துப் பெட்டியில் வைத்தார். வைக்கும்போது ஒரு வில்காரனைக் காணோம். அடுப்பறை வரைக்கும் தேடினோம், அகப்படவில்லை. மதுரைக்காரன் எவனோ பால்கோவாவோடு முழுங்கியிருப்பான் என்று மாமா வெகுகாலம் சொல்லிச் சிரிப்பார்.

விஜயதசமிக்கு நாங்கள் மறுபடி போனோம். தாம்பாளத்தில் பச்சரிசி. தாய்மாமனான என் அப்பா மடியில் அவன் உட்கார்ந்தான், மடி கொள்ளாத பிள்ளை, கால் இரண்டும் தரையில் நீண்டிருந்தன. மாமா அன்று மெதுவாகத்தான் சொன்னார். 'அ' என்றார். அவன் விரல் அரிசியில் சுழித்து இறங்கியது. தேர் அன்று அவன் வாயையே பார்த்து நின்ற அத்தை, இப்போது அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று கப்பல்காரர்தான் எழுதி விசாரித்துச் சொன்னார். விட்டுவிட்டு வந்த அன்று அத்தை பஸ்ஸில் ஊர் வரும் வரைக்கும் அழுதாள். அடுத்த லீவுக்கு அவன் வந்தபோது, அத்தைக்குக் கையாலேயே இருபது வார்த்தை கற்றுக்கொடுத்தான். 'அம்மா' என்பதற்கான சைகை அதில் முதல். படித்து, அச்சாபீசில் வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணி, இன்று பேத்தியோடு செல்போனில் முகம் பார்த்துக் கையால் பேசிக்கொண்டிருக்கிறான். ஈய வீரர்கள் கப்பல்காரர் குடும்பத்தோடு தூத்துக்குடிக்குப் போனார்கள். எங்கள் வேட்டி அட்டை எந்த வீடு மாறும்போது போனதோ தெரியவில்லை. கரிமூடியை அத்தை பூஜை அறையில் வைத்திருந்தாள். கரி உதிர்ந்து உதிர்ந்து, கடைசியில் ஒரு குதிரையின் பின்னங்கால் மட்டும் தெரிந்தது. அதற்கும் தினம் ஒரு துளசி வைப்பாள். பரமபதம் போகும் வரைக்கும், நாச்சியார் என் பிள்ளைக்கு வழி விட்டாள் என்றுதான் சொல்வாள். பேச்சு வந்தது என்று அவள் ஒரு நாளும் சொன்னது இல்லை. அது கேட்டவர்கள் சேர்த்தது.

நானும் அதைத் திருத்தாமல் இப்படியே இருந்துவிட்டிருப்பேன். போன ஆடியில் தளவாய்புரம் பக்கமிருந்து ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். இடுப்பைப் பிடித்தபடி ஒரு பெண்பிள்ளை, ஏழு வயசு இருக்கும். காது கேட்காது. பள்ளிக்கூடத்தில் இன்னும் சேர்க்கவில்லை. "உங்க அத்தை மகனுக்குத் தேர்ல பேச்சு வந்துச்சாமே. எங்க பிள்ளைக்கும் வரட்டும், பொறவு சேத்துக்கிடுவோம்னு இருக்கோம். என்ன வேண்டுதல்னு சொல்லுங்கம்மா" என்றாள்.

நாம் ஆசையாகச் சொன்ன கதை அந்தப் பிள்ளையின் ஏழு வயசில் போய் உட்கார்ந்திருக்கிறதே. உட்கார வைத்துக் காபி கொடுத்து, இப்போது உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். முதலில் அவள் முகம் வாடியது. அப்புறம் இரண்டு பேரையும் ஆட்டோவில் அத்தை மகன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவன் அந்தப் பிள்ளையைப் பார்த்தான். தாளை எடுத்து ஒரு குதிரை வரைந்து, பக்கத்தில் முடிச்சுப் போட்ட நூலும் வரைந்து, பென்சிலை அவள் கையில் கொடுத்தான். அவள் முடிச்சுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு குதிரைக்கு ஒரு வால் போட்டாள். அவன் அதைப் போட மறந்திருந்தான்.

இந்த ஜூனில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கோயிலில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள். எங்கள் விதி அட்டையில் விடுபட்டதைச் சேர்க்கலாம், அவன் சேர்த்தான். இதில் சேர்க்க வேண்டாம். காலையில் தேர் நகர்ந்தபோது பிள்ளையின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மத்தியானம் அவன் அடுப்பறைக்குள் ஓடி மூடியை எடுத்து வந்தான். இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். பேசினான் என்று மட்டும் ஒரு வார்த்தை கூட்டிவிடாதீர்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை சுவரோரம் குந்தியிருக்கிறதோ, நமக்குத் தெரியாது.